ட்ரோன் படமெடுத்துப் பகுதிநேர வருமானம்: முதல் வேலையிலிருந்து திரும்ப வரும் வேலை வரை

ட்ரோன் வாங்கிய புதிதில் நான் எடுத்ததெல்லாம் அஸ்தமனம், ஏரி, மலை முகடு. பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். வேலை என்று யாரும் கூப்பிடவில்லை. எனக்கு முதலில் பணம் தந்தவர் கேட்டது ஒரு கிடங்கின் கூரைப் படங்களை. மழைநீர் எங்கே தேங்குகிறது, எந்தத் தகடு பெயர்ந்திருக்கிறது என்று ஏணி போடாமல் அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு 15 நிமிடம் பறந்திருப்பேன். மூன்று மாதம் கழித்து, பழுது பார்த்த பிறகு, அதே கூரையை மறுபடி எடுக்கச் சொல்லி அவரே அழைத்தார். பகுதிநேர வருமானம் என்றால் எனக்கு இன்றுவரை அதுதான்: திரும்ப அழைக்கும் ஆள். அப்படிப்பட்ட ஆளிடம் எப்படிப் போய்ச் சேர்வது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உரிமம்

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. பொழுதுபோக்காகப் பறப்பவருக்கு ஒரு விதி, பணம் வாங்கிப் பறப்பவருக்கு வேறு விதி என்று பல நாடுகள் பிரித்து வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ‘பார்ட் 107’ விதிப்படி, தொழிலுக்காகப் பறக்க 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 60 கேள்விகள் கொண்ட தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டாம் என்ற சலுகை அங்கே பொழுதுபோக்குக்கு மட்டும்தான். ஒரே ஒரு வேலைக்குப் பணம் வாங்கினாலும் அந்தச் சின்ன ட்ரோனையும் பதிவு செய்தாக வேண்டும். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகையை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் வேறு மாதிரி பார்க்கிறது: நீங்கள் பணம் வாங்குகிறீர்களா என்பது அங்கே கேள்வியே இல்லை, ட்ரோனின் எடை, மனிதர்களுக்கு எவ்வளவு அருகில் பறக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் பிரிவுகள்.

மூன்று இடங்களிலும் பொதுவாகப் பறக்கக்கூடிய உயரம் ஏறக்குறைய ஒன்றுதான்: 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். ஆனால் விமான நிலையத்துக்கு அருகில் அந்த உயரமும் குறையும், சில இடங்களில் பறக்கவே கூடாது. உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வரைபடத்தைத் திறந்து, வேலை வரும் இடத்தைப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கூடவே மூன்றாம் நபர் காப்பீடு ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிறுவனங்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே உரிமத்தையும் காப்பீட்டையும்தான் கேட்கும்.

படி 2: கருவி

இங்கே அதிக நேரம் வேண்டாம். 249 கிராம் எடையுள்ள சின்ன ட்ரோன்களே இன்று ரா படமும் (பிறகு தாராளமாகத் திருத்த ஏற்ற, சுருக்கப்படாத வடிவம்) 4கே வீடியோவும் எடுக்கின்றன. தொடங்க அது போதும். மிச்சம் இருக்கும் பணத்தில் மொத்தம் மூன்று பேட்டரி, ஒரு செட் என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி), வீடியோவைத் தடங்கலின்றிப் பதியும் வேகத்துக்கு வி30 என்று குறித்த இரண்டு மெமரி கார்டு வாங்குங்கள். பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருக்கும் பேட்டரியில் நிம்மதியாக வேலை செய்யக் கிடைப்பது 20 நிமிடம்தான். ஒரே பேட்டரியோடு வேலைக்குப் போவது வேண்டவே வேண்டாம்.

படி 3: காசு வாங்கும் முன் 20 மணி நேரப் பயிற்சி

நான் முதல் வேலைகளில் செய்த பெரிய தவறு, வேகமாகப் பறந்தது. திரையில் விறுவிறுப்பாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் எல்லாம் வெட்டி வெட்டி ஓடியது. அதனால் திறந்த வெளி ஒன்றைப் பிடித்து, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், நான்கே நான்கு நகர்வுகளை மட்டும் பழகுங்கள். நேராக மெல்ல முன்னே போவது. ஒரு பொருளைச் சுற்றி வட்டமடிப்பது. தாழ்விலிருந்து எழும்பி, மறைந்திருந்த காட்சியை வெளிக்கொண்டு வருவது. செங்குத்தாகக் கீழே பார்த்தபடி நகர்வது. ஒவ்வொன்றும் 10 முதல் 15 விநாடி. நகரத் தொடங்குவதற்கு 5 விநாடி முன்பே ரெக்கார்டிங்கை ஆரம்பித்து, நின்ற பிறகு 5 விநாடி விட்டு நிறுத்துங்கள். எடிட்டிங் மேசையில் அந்த உபரி விநாடிகள்தான் கைகொடுக்கும்.

வீடியோ இயல்பாகத் தெரிய ஒரு பழைய கணக்கு உண்டு: ஷட்டர் வேகம் ஃப்ரேம் எண்ணிக்கையின் இரு மடங்குக்கு அருகில் இருக்க வேண்டும். விநாடிக்கு 25 ஃப்ரேம் (தனிப் படம்) என்றால் ஷட்டர் 1/50, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்கும். நல்ல வெயிலில் ட்ரோனைத் தானியங்கியில் விட்டால் அது 1/1600 என்று போய் நிற்கும். பெரும்பாலான சின்ன ட்ரோன்களில் லென்ஸ் துவாரத்தைச் சுருக்க முடியாது, வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வும் 100-க்குக் கீழே போகாது. அப்புறம் வெளிச்சத்தைக் குறைக்க என்னதான் வழி? லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவதுதான். 1600-ஐ 50-ஆல் வகுத்தால் 32. ஆக, அந்த வெயிலுக்கு, வெளிச்சத்தை 32-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி.32. மேகம் வந்தால் என்.டி.8 போதும். புகைப்படத்துக்கு இந்த ஃபில்டர் தேவையில்லை, கழற்றிவிடுங்கள். ரா வடிவில், ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று அல்லது ஐந்து முறை தொடர்ந்து எடுக்கும் வசதியைப் போட்டு வையுங்கள். வானம் வெளுத்துப்போவது, வீட்டு வாசல் இருண்டுபோவது இரண்டையும் பிறகு சரிசெய்யலாம்.

பாதுகாப்புக்கும் பயிற்சி வேண்டும். சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பும் உயரத்தை, சுற்றியுள்ள மிக உயரமான மரம் அல்லது கட்டடத்தைவிட அதிகமாக வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தரையில் இலை அசையாத நாளிலும் 100 மீட்டர் மேலே காற்று பலமாக அடிக்கலாம். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். பேட்டரி தளர்ந்த நேரத்தில் காற்றே உங்களை வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். 30 சதவீதத்தில் திரும்பிவிடுவது என் வழக்கம், எவ்வளவு நல்ல காட்சி கண்ணில் பட்டாலும்.

படி 4: ஒரே ஒரு வேலை வகையைத் தேர்ந்தெடுங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘ட்ரோன் படம் எடுத்துத் தரப்படும்’ என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு தேவை யாருக்கும் இல்லை. வீட்டுத் தரகருக்கு வீடு விற்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு, இந்த மாதம் எவ்வளவு வேலை முடிந்தது என்று முதலீட்டாளரிடம் காட்ட வேண்டும். கூரை போடுபவருக்கு விரிசல் தெரிய வேண்டும். விடுதிக்காரருக்கு, கடலிலிருந்து அறை எவ்வளவு பக்கம் என்று விருந்தினருக்குக் காட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், தொடங்குபவருக்கு ஏற்றது கட்டுமான முன்னேற்றப் பதிவு. திருமண வேலையில் பணம் அதிகமாகத் தெரியும். ஆனால் கூட்டத்துக்கு மேலே பறக்கும் ஆபத்து, ஒருமுறை தவறவிட்டால் மறுபடி கிடைக்காத தருணம் என்று எல்லாம் புதியவரின் தலையில் ஏறும். கட்டுமானத்தில் கட்டடம் எங்கேயும் ஓடிவிடாது. ஒரு கட்டடம் எழும்ப ஓராண்டு ஆனால், மாதம் ஒன்றாக 12 வேலை. கலை நுணுக்கம் அதிகம் கேட்க மாட்டார்கள், ஒழுங்கைக் கேட்பார்கள்: ஒவ்வொரு மாதமும் அதே இடம், அதே உயரம், அதே கோணம், முடிந்தால் அதே நேரம். நேரம் மாறினால் நிழல் மாறும், நிழல் மாறினால் இரண்டு மாதப் படங்களை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. நான் நான்கு மூலைகளிலிருந்து கேமராவை 45 டிகிரி சாய்த்து ஒவ்வொரு படம், மேலிருந்து செங்குத்தாக ஒரு படம் என்று வைத்திருக்கிறேன். பாதையைச் சேமிக்கும் வசதி ட்ரோனில் இருந்தால் அதில் சேமியுங்கள். இல்லையென்றால் உயரம், திசை, கோணம் மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

வீடு விற்பனைப் படங்களும் நல்ல தொடக்கம்தான். அதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உச்சிக்குப் போகாதீர்கள். 10 முதல் 25 மீட்டர் உயரத்தில்தான் வீடு வீடாகத் தெரியும். 100 மீட்டரில் அது ஒரு கூரைச் சதுரம். நில அளவைப் படங்கள், அதாவது நூற்றுக்கணக்கான படங்களை 70 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்து வரைபடமாக இணைப்பது, கொஞ்சம் கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். படங்களையும் வீடியோவையும் யாரும் காசு கொடுத்து வாங்கும் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற தளங்களில் மிச்சக் காட்சிகளைப் போட்டு வைப்பதில் தவறில்லை. அதை நம்பி மாதக் கணக்குப் போடாதீர்கள்.

படி 5: தளங்கள்

எல்லா வகைத் தனிநபர் வேலைகளும் கிடைக்கும் ஃபைவர், அப்வொர்க் போன்ற பொதுத் தளங்கள் ஒரு வகை. ட்ரோனர்ஸ் போல ட்ரோன் பைலட்டுகளுக்கென்றே உள்ள தளங்கள் இன்னொரு வகை. அங்கே வாடிக்கையாளர் வேலையைப் போடுவார், அருகிலுள்ள பைலட்டுகள் விலை சொல்வார்கள். மூன்றாவது, முன்பு ட்ரோன்பேஸ் என்றிருந்து 2022-இல் ஜைட்வியூ என்று பெயர் மாறியது போன்ற நிறுவனங்கள். இவை பெரிய நிறுவனங்களிடம் ஆய்வு வேலையை மொத்தமாக வாங்கி, பைலட்டுகளுக்குப் பிரித்துத் தருகின்றன. விலையை அவர்களே சொல்வார்கள், எப்படி எடுக்க வேண்டும் என்ற பட்டியலும் அவர்களிடமிருந்தே வரும். பேரம் இல்லை, ஆனால் ஒழுங்காக எடுப்பது எப்படி என்பதற்கு நல்ல பள்ளிக்கூடம். எந்தத் தளம் உங்கள் நாட்டில் வேலை தருகிறது என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

லோகோ வரைபவர் உலகத்தின் எந்த மூலைக்கும் வேலை செய்யலாம். ட்ரோன் பைலட் நேரில் போக வேண்டும். அதனால் அறிமுகத்தின் முதல் வரியிலேயே எந்தப் பகுதி, எவ்வளவு தூரம் வருவீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த வரியில் என்ன தருவீர்கள்: ‘கட்டுமான இடத்தின் மாதாந்திரப் படங்கள், ஐந்து நிலையான கோணங்கள், 48 மணி நேரத்தில் கையில். உரிமமும் காப்பீடும் உண்டு.’ இது போதும். மாதிரிப் படங்களும் அந்த ஒரு வகையிலிருந்தே இருக்கட்டும். மாதிரி இல்லையென்றால், தெரிந்தவரின் கட்டடத்தை அனுமதி வாங்கி மூன்று மாதம் இலவசமாக எடுங்கள்.

உங்கள் பகுதியில் வேலை குறைவாக இருந்தால் இன்னொரு வாசல் உண்டு: மற்றவர்கள் எடுத்த ட்ரோன் வீடியோவை எடிட் செய்து தருவது. அதற்கு ஊர் எல்லை கிடையாது, உங்கள் பக்கத்தில் நல்ல மதிப்புரைகளும் சேரும்.

தளத்தில் கிடைத்த வாடிக்கையாளரிடம் வெளியே பணம் வாங்கிக்கொள்ளும் ஆசை வரும். ஃபைவர், அப்வொர்க் இரண்டுமே அதைத் தடை செய்திருக்கின்றன. கணக்கை மூடிவிட்டால் சேர்த்த மதிப்புரைகளும் போய்விடும்.

படி 6: விலை

20 நிமிடம் பறக்கும் வேலைக்கு 20 நிமிடக் கூலி போடாதீர்கள். ஒரு சாதாரண வேலையை எழுதிப் பார்த்தேன்: பேச்சும் வரைபடம் பார்ப்பதும் அரை மணி, போக வர ஒன்றரை மணி, இடத்தில் ஒரு மணி, படங்களைத் திருத்த இரண்டு மணி, வாடிக்கையாளர் கேட்கும் சின்ன மாற்றங்களுக்கு அரை மணி. மொத்தம் ஐந்தரை மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பை இதனால் பெருக்கி, பயணச் செலவு, பேட்டரித் தேய்மானம், காப்பீட்டின் ஒரு பங்கைச் சேர்த்தால் வருவதுதான் உங்கள் குறைந்தபட்சம்.

அதற்கு மேல் தளத்தின் பங்கு. ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கையில் 80 வர வேண்டுமென்றால் 80-உடன் 20 சதவீதம் கூட்டி 96 போடுவார்கள் பலர். 96-இல் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 76.80. சரியான விலை 100.

விலையோடு சேர்த்து நான்கு விஷயங்களையும் எழுத்தில் வைத்துவிடுங்கள்: எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், மழை அல்லது காற்று வந்தால் கூடுதல் கட்டணமின்றி எந்த நாளுக்கு மாற்றுவது, படங்களை அவர் எங்கெல்லாம் பயன்படுத்தலாம். நான்காவதை மறந்தால் ஒரு தரகருக்கு எடுத்த படம் கட்டுமான நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் வந்து நிற்கும்.

படி 7: வேலை நாளும் ஒப்படைப்பும்

முந்தைய இரவு பேட்டரி, கார்டு, மென்பொருள் புதுப்பிப்பு எல்லாம் முடித்துவிடுங்கள். இடத்தில் இறங்கியதும் முதலில் நடந்து பாருங்கள்: மின்கம்பி, டவர், பறவைக் கூடு, பக்கத்து வீட்டு மாடியில் ஆட்கள். பக்கத்து வீட்டாரிடம் போய், என்ன எடுக்கிறேன், எத்தனை நிமிடம் என்று நீங்களே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. அவர்கள் வீட்டு ஜன்னல் படத்தில் விழாதபடி கோணம் வைப்பது உங்கள் கடமை.

காற்று பலமாக இருந்தால், அனுமதியில் சந்தேகம் இருந்தால், பறக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். ஒருமுறை, வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தபோது, ட்ரோனைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். அன்றைக்கு அவருக்குக் கோபம். இரண்டு நாள் கழித்து எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு தன் மற்ற இரண்டு கட்டடங்களையும் என்னிடமே தந்தார்.

ஒப்படைக்கும்போது முந்நூறு படங்களைக் கொட்டாதீர்கள். பொறுக்கிய படங்களை, இடம், தேதி, திசை தெரியும்படி பெயரிட்டு, சொன்ன நாளுக்கு முன்பே அனுப்புங்கள். கடைசி வரியில் ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள்: ‘அடுத்த மாதம் இதே தேதியில், இதே கோணங்களில் எடுக்க வரட்டுமா?’ வரச் சொல்லி பதில் வந்தால், படி 4-இல் எழுதிய நோட்டை எடுத்து அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.