பெரிய ஓட்டலில் சீனச் சாப்பாடு: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று சாலையோரம் முழுக்க, சாயங்காலமானால் ஃபிரைடு ரைஸும் சில்லி சிக்கனும் மணக்கும். அதே இரண்டையும் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ நட்சத்திர ஓட்டலில் உட்கார்ந்து கேட்டால் விலைதான் பல மடங்கு; ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. சில நேரம் தட்டுக்கடையே தேவலை. ஏமாந்து திரும்புகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, மெனுவில் தெரிந்த பெயரைத் தேடுவது.

அந்தப் பெயர்களில் பல நம் நாட்டுச் சரக்கு. கொல்கத்தா டாங்ராவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் நம் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிய சமையல் அது. சிக்கன் மஞ்சூரியனை 1975இல் மும்பையில் நெல்சன் வாங் உருவாக்கியதாகச் சொல்வார்கள். சோயா சாஸ், சோள மாவு, பூண்டு, பச்சை மிளகாய் இருந்தால் யாரும் நன்றாகச் செய்துவிடலாம். பெரிய ஓட்டல் சமையல்கட்டு அதில் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. தெருக்கடையால் முடியாதவை மூன்றுதான்: பெருந்தீ, நுணுக்கமான ஆவி, ஒரு நாளைக்கு முன்பே தொடங்கும் வேலை. இந்த மூன்றில் ஒன்று இருக்கும் பதார்த்தத்துக்கே காசு கொடுங்கள்.

தீ முதலில். சீனச்சட்டி நம் வீட்டிலும் இருக்கிறது, அடுப்புதான் இல்லை. வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2 முதல் 3 கிலோவாட். சீன அடுப்பு அதைப் போல பத்து மடங்கு எரியும். காய் விடும் தண்ணீர் விட்ட கணமே ஆவியாகிப் போகும், தெறிக்கும் எண்ணெய்த் துளி தீப்பிடித்து மெல்லிய புகை மணம் ஏறும். காண்டன் பக்கத்தார் இதை ‘வோக் ஹே’ என்பார்கள். சோதித்துப் பார்க்க, பூண்டு மட்டும் போட்டு வதக்கிய கீரை ஒரு தட்டு சொல்லுங்கள். பாக் சோய், கைலான் எது இருந்தாலும் சரி. சாப்பிட்டு முடிக்கும்போது தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் தீ போதவில்லை, அல்லது ஒரே சட்டியில் நாலு பேருக்கானதைக் கொட்டிவிட்டார்கள். அந்த மணம் சில நிமிடம்தான் நிற்கும். வந்தவுடன் கை வைக்காமல் படம் எடுத்துக்கொண்டிருந்தால் போச்சு.

அடுத்தது ஆவி. ஆவியில் வேகவைத்துச் சிறு கூடையில் தரும் பலகாரங்கள்தான் டிம் சம். அந்த வகையில் ‘ஹார் கௌ’ என்ற இறால் கொழுக்கட்டையை வைத்தே சமையல்கட்டை எடை போடலாம். மேல்தோல் கோதுமை ஸ்டார்ச்சும் மரச்சீனி மாவும் கொதிநீரில் பிசைந்தது. மரச்சீனிதான் கண்ணாடி போன்ற பளபளப்பையும் இழுவையையும் தருகிறது. உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பு வெளியே தெரிய வேண்டும். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது தோல் கிழியக் கூடாது, பல்லில் பிசினாக ஒட்டவும் கூடாது. கூடையின் அடியோடு ஒட்டிக் கிழிந்தால் ஆவியில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. விளிம்பு காய்ந்து வெள்ளையாக இருந்தால் முன்னரே அவித்து வைத்தது. ஒரு கூடையில் 3 அல்லது 4தான் இருக்கும், ஆள் எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

‘ஷாவ்லாங்பாவ்’ என்ற சாறு நிறைந்த கொழுக்கட்டை வந்தால் அவசரப்படாதீர்கள். உள்ளே கட்டியாக வைத்த இறைச்சிச் சாறு ஆவியில் உருகி, கொதிக்கக் கொதிக்க இருக்கும். மேலே மடிப்புகள் சேரும் குடுமியைப் பிடித்து மெல்லத் தூக்கிக் கரண்டியில் வையுங்கள். பக்கவாட்டில் சிறு ஓட்டை கடித்து, ஆவி போகவிட்டு, சாற்றை உறிஞ்சிய பிறகு மீதியை இஞ்சி போட்ட வினிகரோடு வாயில் போடலாம். முழுசாகப் போட்டுக்கொண்டால் நாக்கு வெந்துவிடும். அதற்குப் பிறகு வருவது எதிலும் ருசி தெரியாது.

ஆவியில் வேகும் முழு மீனுக்கு நம் பக்கத்து ஆட்கள்தான் சரியான நீதிபதிகள். குளச்சல், விழிஞ்ஞம் மீன் சாப்பிட்டு வளர்ந்த நாக்கை ஏமாற்ற முடியாது. கொடுவா, வாவல், களவா எதுவானாலும், 600 முதல் 700 கிராம் மீன் நல்ல கொதி ஆவியில் 8 முதல் 10 நிமிடத்தில் வெந்துவிடும். மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் நறுக்கித் தூவி, புகை வரக் காய்ந்த எண்ணெயை ஊற்றி, அடியில் மெல்லிய சோயா விடுவார்கள். நடுமுள்ளருகே சதை இலேசாக ஒட்டிக்கொண்டு வர வேண்டும். உதிர்ந்து தூளானால் வெந்தது அதிகம். பழுப்பு நிறச் சோள மாவுக் குழம்பில் மீன் முங்கியிருந்தால், மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் தின்ற பிறகு மீனைப் புரட்டாமல் முள்ளைத் தூக்கிவிட்டு அடிப்பக்கத்தை எடுப்பது தென்சீனக் கடற்கரை வழக்கம். புரட்டினால் படகு கவிழும் என்பது அவர்கள் நம்பிக்கை.

மூன்றாவது, முன்கூட்டியே தொடங்க வேண்டிய பீக்கிங் வாத்து. தோலுக்கும் சதைக்கும் இடையே காற்று ஊதி, கொதிநீர் ஊற்றி, மால்ட் பாகு தடவி, ஏறக்குறைய ஒரு நாள் தொங்கவிட்டு உலர்த்திய பிறகே முழுசாகச் சுடுவார்கள். ஈரம் இருந்தால் தோல் மொறுமொறுக்காது. தோலுக்கடியில் கொழுப்பு இருக்கும் வளர்ப்பு வாத்து வேண்டும். மெலிந்த குட்டநாட்டு வாத்து குழம்புக்கும் ரோஸ்ட்டுக்கும் அருமை, இதற்குச் சரிவராது. எனவே மேஜையில் உட்கார்ந்து கேட்டு 20 நிமிடத்தில் வந்தால் அது பெரும்பாலும் சூடாக்கப்பட்டது. முந்தின நாளே சொல்லி வையுங்கள். ஒரு முழு வாத்து நாலு பேருக்கு ஆகும். தோலை முதலில் தின்றுவிடுங்கள், ஆறினால் ரப்பர். பிறகு சதையை வெள்ளரி, வெங்காயத்தாள், இனிப்பு சாஸ் வைத்து மெல்லிய ரொட்டியில் சுருட்டலாம். இரண்டே பேர் போவதானால் வாத்தை மறந்துவிட்டு மீனைச் சொல்லுங்கள்.

நாலு பேருக்கு டிம் சம் 2 கூடை, முழு மீன் ஒன்று, கீரை ஒன்று, இறைச்சி அல்லது டோஃபு (சோயா பால் கட்டி) ஒன்று, வெறும் சோறு. போதும். ஃபிரைடு ரைஸ் வேண்டாம், சாஸின் ருசியை அது தின்றுவிடும். சிச்சுவான் வகை சொன்னால் நாக்கு மரத்துப்போவது போல இருக்கும். அது மிளகாய் இல்லை, கொங்கணிகள் மீன் குழம்பில் போடும் திர்பல் என்ற மசாலாவுக்கு உறவான சிச்சுவான் மிளகு. தண்ணீர் குடித்தால் அடங்காது, சோறு தின்னுங்கள். சாப்ஸ்டிக் வராவிட்டால் கரண்டி கேட்பதில் வெட்கம் எதற்கு? சோற்றில் குச்சியை நட்டு வைப்பது மட்டும் கூடாது, இறந்தவருக்கு ஊதுபத்தி வைப்பது போல அது.

சைவக்காரர்கள் ‘வெஜ்’ என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். கீரையில் சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ் விடுவதும், சூப்புக்குக் கோழிச் சாறு ஊற்றுவதும் சாதாரணம். காளானில் செய்த சைவ ஆய்ஸ்டர் சாஸ் உண்டு, அது இருக்கிறதா என்று கேளுங்கள். மாப்போ டோஃபுவில் பன்றி அல்லது மாட்டுக் கொத்துக்கறி போடுவதே வழக்கம். பன்றியும் மதுவும் ஆகாதவர்கள் பன்றிக் கொழுப்பு, ஷாவ்ஷிங் ஒயின் இரண்டையும் பெயர் சொல்லி விலக்கச் சொல்ல வேண்டும். நிலக்கடலை, எள், இறால் ஒவ்வாமையையும் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் காலையில் ஒரு போனில் முடிக்கலாம். டிம் சமுக்கென்று தனிச் சமையல்காரர் இருக்கிறாரா, மதியத்துக்கு மட்டுமா, இன்று முழு மீன் என்ன, விலை எடைக்கா தட்டுக்கா, வரி எவ்வளவு? எடைக்கு என்றால் சமைக்கும் முன் மீனைக் காட்டச் சொல்லலாம்.

வரியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5%. நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஓட்டலுக்குள் இருந்தால் 18%. மெனுவில் 4,000 ரூபாய்க்குச் சொன்னதாக வைத்துக்கொள்வோம். 10% சேவைக் கட்டணம் சேர்த்தால் 4,400. அதன் மேல் 18% போட்டால் 5,192. சேவைக் கட்டணம் கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்யலாம்.

மிஞ்சியதைப் பார்சல் கட்டுவதில் ஒரு கணக்கு. டிம் சமும் கீரையும் டப்பாவுக்குள் ஆவி விட்டு, நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் குழைந்துவிடும், அங்கேயே முடித்துவிடுங்கள். வாத்தின் எலும்பை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள். மறுநாள் இஞ்சியும் முட்டைக்கோஸும் போட்டு ஒரு மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டால் நாலு பேருக்கு நல்ல சூப்.