கீழ்க்கடைவாயில் ஒரு பல் போனால்: மூன்று பல் பிரிட்ஜ் கட்டும் முறை

கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப் பல் ஆறு வயதிலேயே முளைத்துவிடும். பால் பல் எதுவும் விழாமல் வரிசையின் கடைசியில் வருவதால், அதுவும் விழுந்து முளைக்கிற பல்தான் என்று பல வீடுகளில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் சொத்தையாவதும் முதலில் பிடுங்கப்படுவதும் பெரும்பாலும் அதுவே. பல் மருத்துவர்களின் எண் முறையில் இடப்பக்கத்துப் பல் 36, வலப்பக்கத்துப் பல் 46. இந்தக் கட்டுரை 36 போன இடத்தில் முன்னே உள்ள 35-ஐயும் பின்னே உள்ள 37-ஐயும் தாங்கலாக வைத்து மூன்று பல் பிரிட்ஜ் கட்டுவதைப் பற்றியது. அதாவது பக்கத்துப் பற்கள் இரண்டுக்கும் கேப் (உறை) போட்டு, நடுவில் செயற்கைப் பல்லை அவற்றோடு ஒன்றாக இணைத்து ஒட்டுவது. வேறு இடத்துப் பல்லுக்கும் முறை ஏறத்தாழ இதுதான்.

இடத்தைக் காலியாகவே விட்டால் 37 மெல்ல முன்பக்கம் சாயும், மேலே உள்ள 26 எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கும். சில ஆண்டுகள் கழித்துப் பல் கட்டப் போனால், இடைவெளியும் குறைந்திருக்கும், உயரமும் குறைந்திருக்கும். 37 ஏறத்தாழ 25 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டால் இரண்டு தாங்கு பற்களையும் ஒரே திசைக்கு இணையாகச் செதுக்க முடியாது. முதலில் கம்பி போட்டு நிமிர்த்த வேண்டிவரும். அதற்காகப் பிடுங்கிய மறுவாரமே பிரிட்ஜ் கட்டவும் கூடாது. பல் இருந்த குழியின் எலும்பு முதல் இரண்டு மூன்று மாதங்களில்தான் வேகமாகச் சுருங்கும். அதற்குள் கட்டிவிட்டால் ஈறு இறங்கியதும் நடுப்பல்லுக்கு அடியில் சந்து விழுந்து சோறு அடைத்துக்கொள்ளும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் காத்திருப்பது நல்லது.

பிரிட்ஜா, இம்ப்ளான்டா?

பிரிட்ஜ் கட்டப் பக்கத்துப் பற்கள் இரண்டையும் சுற்றிலும் செதுக்கியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முடிப்பகுதியில் பாதிக்கும் மேல் போய்விடும். செதுக்கிய பல் திரும்ப வளராது. ஆகவே 35, 37 இரண்டும் சொத்தையே படாத நல்ல பற்களாக இருந்து, எலும்பும் போதுமானதாக இருந்தால், எங்கள் பரிந்துரை இம்ப்ளான்ட்தான், அதாவது எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைப்பது. அந்தப் பற்களில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோ ரூட் கெனாலோ (நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை) இருந்து, எப்படியும் கேப் போட வேண்டிய நிலை என்றால் பிரிட்ஜ் நியாயமான முடிவு. எலும்பு போதாதவர்களுக்கும், அறுவை வேண்டாம் என்பவர்களுக்கும் அதுவே வழி. பதினெட்டு வயதுக்குள் பல்லின் நரம்பறை பெரிதாக இருக்கும். செதுக்கினால் நரம்பு பாதிக்கப்படலாம். அந்த வயதில் கழற்றி மாட்டும் பல்லை வைத்துக் காத்திருக்கலாம்.

தாங்கு பற்களை எடைபோடுவது

பிரிட்ஜ் நிற்பதும் விழுவதும் இந்த இரண்டு பற்களைப் பொறுத்தது. சிறிய எக்ஸ்-ரே எடுத்து வேரின் நுனிவரை பார்க்க வேண்டும். எலும்புக்குள் இருக்கும் வேரின் நீளம், எலும்புக்கு வெளியே இருக்கும் பகுதியின் நீளத்துக்குக் குறைந்தது சமமாக இருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. பல் ஆடக்கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தால் முதலில் கிளீனிங் செய்து, ஈறு ஆறிய பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். வீங்கிய ஈறை வைத்து அளவெடுத்தால், அது வற்றியதும் கேப்பின் விளிம்பு வெளியே தெரியும். குளிர்ச்சி வைத்து நரம்பு உயிரோடு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். செத்த நரம்பு இருந்தால் ரூட் கெனால் முதலில், பிரிட்ஜ் பிறகு.

இரண்டு பற்கள் போன இடத்திலும் இதே கணக்கில் பிரிட்ஜ் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கடிக்கும்போது பிரிட்ஜ் வளையும் அளவு, இடைவெளி நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். ஒரு பல் இடைவெளியைவிட இரண்டு பல் இடைவெளியில் வளைவு எட்டு மடங்கு. நீளமான பிரிட்ஜில் பீங்கான் தெறிப்பதும் சிமெண்ட் விடுவதும் இதனால்தான். செதுக்கிய பின் கடைவாய்ப் பல்லின் உயரம் 4 மி.மீ.-க்குக் குறைந்தாலும் பிடிமானம் போதாது. அப்படியிருந்தால் ஈறைச் சிறிது வெட்டி உயரம் கூட்டுவார்கள்.

சர்க்கரை நோய், இதய நோய் மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எந்தப் பொருள், எவ்வளவு செலவு

கட்டணம் ஒரு பல்லுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். போனது ஒரு பல்லாக இருந்தாலும் பிரிட்ஜுக்கு மூன்று பல் கணக்கு. ரூட் கெனால், கிளீனிங் தனி. கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைவாய்க்கு மூன்று வகை புழக்கத்தில் உண்டு. முழு உலோகம் உறுதியானது, பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், நிறம்தான் குறை. உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் உள்ள பி.எஃப்.எம். நீண்ட காலமாக நம்பப்படுவது; பீங்கான் தெறிக்கலாம், ஈறோரம் கறுப்புக் கோடு தெரியலாம். மலிவான உலோகக் கலவையில் நிக்கல் இருக்கும். கவரிங் கம்மல், வாட்ச் பட்டை பட்டால் அரிப்பு வருகிறவர்கள் அதைச் சொல்லி நிக்கல் இல்லாத உலோகம் கேட்க வேண்டும். மூன்றாவது சிர்கோனியா, பல் நிறத்தில் இருக்கும் மிக உறுதியான பொருள். மேலே பீங்கான் பூசாத முழு சிர்கோனியா கடைவாய்க்கு மிகப் பொருத்தம். நடுப்பல்லும் கேப்பும் சேரும் இணைப்பின் குறுக்குப் பரப்பு குறைந்தது 9 சதுர மி.மீ. இருக்க வேண்டும். லித்தியம் டைசிலிகேட் பீங்கான் பார்க்க அழகு. ஆனால் கடைவாய் பிரிட்ஜுக்கு அதன் பலம் போதாது. யாராவது 36-க்கு அதைச் சொன்னால் காரணம் கேளுங்கள். சிர்கோனியாவுக்கு லேப் தரும் வாரண்டி அட்டை பிரிட்ஜுக்குத்தான். அடியில் பல் சொத்தையானால் அது உதவாது.

செதுக்கி அளவெடுக்கும் நாள்

அன்று முதல் வேலை நிறம் பார்ப்பது. ஏ1, ஏ2, பி2 என்று குறித்த மாதிரிப் பற்களைப் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், லிப்ஸ்டிக் இல்லாமல் பார்க்க வேண்டும். செதுக்கிய பிறகு பார்த்தால் வாய் திறந்தே இருந்ததில் பல் காய்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். பிரிட்ஜ் சுண்ணாம்பு போல வந்துவிடும்.

பிறகு தற்காலிகப் பல் செய்ய ஓர் அளவு. அடுத்து மரத்துப் போகும் ஊசி. ரூட் கெனால் செய்த பல்லுக்கும் ஊசி தேவைப்படலாம், காரணம் ஈறுக்கு உணர்ச்சி உண்டு. செதுக்கும் கருவியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் சூட்டில் நரம்பு செத்துவிடும். கடிக்கும் மேற்பரப்பில் பி.எஃப்.எம்.முக்கு 1.5 முதல் 2 மி.மீ., முழு சிர்கோனியாவுக்கு 1 முதல் 1.5 மி.மீ. குறைப்பார்கள். எதிரெதிர்ப் பக்கச் சுவர்கள் மேல்நோக்கி லேசாகக் குறுக வேண்டும். பாடப்புத்தகத்தில் 6 டிகிரி, வாயில் நடைமுறையில் 10 முதல் 20 வரை. அதற்கு மேல் கூம்பாகச் செதுக்கிவிட்டால் எவ்வளவு நல்ல சிமெண்ட் வைத்தாலும் பிரிட்ஜ் கழன்று வரும்.

செதுக்கிய விளிம்பு ஈறோரத்தில் இருக்கும். அந்தக் கோடு அச்சில் தெளிவாக விழ, ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மருந்தில் நனைத்த மெல்லிய நூலைச் சில நிமிடம் செருகி ஈறை விலக்குவார்கள். பிறகு சிலிக்கான் பசையில் கெட்டியும் நெகிழ்வுமாக இரண்டு பதம் சேர்த்து அளவு. அச்சு வெளியே வந்ததும் விளிம்புக் கோட்டில் ஒரு குமிழியோ கிழிசலோ இருந்தால் மறுபடி எடுப்பதே சரி. 'லேப்ல பாத்துக்குவாங்க' என்று அனுப்பினால் லேப்காரர் ஊகித்துக் கோடு போடுவார். அந்த இடத்தில்தான் பின்னாளில் சொத்தை புகும். வாய்க்குள் ஸ்கேனர் வைத்து எடுத்தாலும் ரத்தமும் எச்சிலும் இல்லாத விளிம்பு வேண்டும்.

தற்காலிகப் பல் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் கேட்டு வாங்குங்கள். செதுக்கிய பல் கூசும் என்பது ஒரு பக்கம். சில நாட்களிலேயே பல் சற்று நகர்ந்துவிட்டால் வரப்போகும் பிரிட்ஜ் உட்காராது என்பதுதான் பெரிய சிக்கல். தற்காலிகப் பல் கழன்றால் அன்றே தகவல் சொல்லுங்கள். சூயிங் கம், ஜவ்வு மிட்டாய் கூடாது. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள்.

பொருத்திப் பார்ப்பதும் ஒட்டுவதும்

ஒட்டுவதற்கு முன் நான்கு இடம் பார்க்க வேண்டும். கேப்பின் விளிம்பில் கூர்முனைக் கருவியை ஓட்டினால் படியோ சந்தோ தட்டக்கூடாது. 35-க்கு முன்னால் உள்ள பல்லுக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் ஃப்ளாஸ் லேசாக இறுகி 'டப்' என்று இறங்க வேண்டும். தளர்ந்தால் அங்கே கறி, கீரை நார் சிக்கும். நடுப்பல் ஈறைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. ஈறு வெளுத்து, சில நிமிடத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டால் அடியில் குறைக்க வேண்டும். கடைசியாகக் கடி: வண்ணத்தாளைக் கடிக்க வைத்துப் பார்த்து, மற்ற பற்களோடு ஒரே நேரத்தில் பிரிட்ஜும் தொட வேண்டும். ஊசி போட்டிருந்தால் உங்களுக்கு உயரம் தெரியாது. மறுநாள் அந்தப் பக்கம் முதலில் தட்டுவது போலிருந்தால் 'பழகிவிடும்' என்று விடாதீர்கள். உயரமான கடி பல்லை வலிக்க வைக்கும், பீங்கானைத் தெறிக்க வைக்கும்.

உலோகத்துக்கும் சிர்கோனியாவுக்கும் பொதுவாகக் கண்ணாடி அயனோமர் வகைச் சிமெண்ட். பல் குட்டையாக இருந்தால் ரெசின் சிமெண்ட். பல்லில் ஈரம் தேங்கியிருக்கக்கூடாது. எச்சில் பட்டால் சிமெண்ட் பலவீனமாகும். பஞ்சுருளையைக் கடித்தபடி, சிமெண்ட் இறுகும்வரை அசையாமல் இருங்கள். வழிந்த சிமெண்டை எடுக்க, நடுவில் முடிச்சுப் போட்ட ஃப்ளாஸை இணைப்புக்கு அடியில் இழுப்பார்கள். மிச்சம் தங்கினால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். அடுத்த 24 மணி நேரம் மறுபக்கமாக மென்றால் நல்லது.

குளிர்ந்த தண்ணீர் கூசுவது சில நாள் முதல் இரண்டு வாரம்வரை இருக்கலாம். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, சூடு பட்டால் நீண்டு நிற்கும் வலி என்றால் நரம்பு போகிறது. அதற்காக பிரிட்ஜை உடைக்க வேண்டியதில்லை. பல நேரங்களில் கேப்பிலேயே சிறு துளையிட்டு ரூட் கெனால் செய்துவிடலாம்.

தினமும் செய்ய வேண்டியது

மூன்று பற்களும் ஒட்டியிருப்பதால் சாதாரண ஃப்ளாஸ் மேலிருந்து இறங்காது. ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சு போலவும் இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ் வாங்குங்கள். விறைத்த முனையைக் கன்னத்துப் பக்கத்திலிருந்து இணைப்புக்கு அடியில் செருகி நாக்குப் பக்கம் எடுத்து, பஞ்சுப் பகுதியை நடுப்பல்லின் அடியில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிறகு 35-இன் பின்சுவரையும் 37-இன் முன்சுவரையும் தழுவி மேலும் கீழுமாகத் தேயுங்கள். இரவில் ஒருமுறை போதும். பல்லிடுக்குத் தூரிகை சந்துக்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும். திணித்தால் ஈறு கிழியும். தண்ணீர் பீய்ச்சும் கருவி உதவும், ஆனால் விளிம்பில் ஒட்டிய படலத்தை ஃப்ளாஸ் அளவுக்கு எடுக்காது. சீடையையும் எலும்பையும் அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம். வெற்றிலையும் புகையிலையும் ஈறையும் எலும்பையும் கெடுக்கும். எலும்பு போனால் தாங்கு பல் ஆடும்.

நன்றாகச் செய்து நன்றாகப் பார்த்துக்கொண்டால், பத்து ஆண்டு கழித்தும் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பிரிட்ஜ் வாயில் இருக்கும். கெட்டுப்போகிறவற்றில் பெரும்பாலானவை விளிம்பில் தொடங்கும் சொத்தையாலும், சிமெண்ட் விடுவதாலும்.

இரண்டாவதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் விட்டு, மறுபக்கம் பிடித்துக்கொண்டிருக்கும்போது பிரிட்ஜ் கீழே விழாது. ஒவ்வொரு கடிக்கும் கேப்புக்குள் எச்சில் புகுந்து வெளியேறி, உள்ளே பல் கரையும். ரூட் கெனால் செய்த பல்லானால் வலியே இருக்காது. கெட்ட வாடை, கடிக்கும்போது வரும் கசப்புச் சுவை, ஒரு முனையில் லேசான அசைவு ஆகியவையே அறிகுறி. மருத்துவர் கேப்பைச் சற்று மேலே தூக்கி அழுத்தும்போது விளிம்பில் எச்சில் குமிழ் குமிழாக வந்தால் அந்தப் பக்கம் விட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும் பரிசோதனையில் இதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு எக்ஸ்-ரே அவர்கள் சொன்னால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் முழுதாகக் கழன்றால் கழுவிச் சின்ன டப்பாவில் போட்டு சில நாட்களுக்குள் கொண்டுபோங்கள். அடியில் பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். கடையில் விற்கும் உடனடிப் பசையால் வீட்டில் ஒட்டாதீர்கள். ஈறு வெந்துபோகும், பிரிட்ஜ் கோணலாக உட்கார்ந்தால் பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தளர்ந்த பிரிட்ஜைத் திரும்ப மாட்டிக்கொண்டு தூங்கவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.