பழைய தையல் மெசின்களும் துணைக்கருவிகளும் சேகரிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தின் பழைய வீடுகளில் சீதனமாக வந்த கைமெசினோ கால்மெசினோ இன்றும் மூலையில் இருக்கக்கூடும். வாங்கும் முன் அதன் தொடரிலக்கத்தைப் பாருங்கள். சிங்கர் மெசினில் அது அடித்தட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். 15கே, 28கே போன்ற வகைப்பெயரிலுள்ள ‘கே’, 1980 இல் மூடப்பட்ட ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையைக் குறிக்கிறது.

கைச்சக்கரம் இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம். வலுவாகத் திருகாமல், எண்ணெய்த் துளைகளில் மெசின் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருந்து, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். கடற்காற்றுப் படும் ஊர்களில் துருவை முதலில் தேடுங்கள். பொன்னிறச் சித்திரங்களை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. அது மேற்பூச்சைக் கரைத்துவிடும். தையல் எண்ணெய் தோய்ந்த மென்துணி போதும்.

துணைக்கருவிகளே என் மனம் கவர்ந்தவை: சுருக்கு வைப்பது, ஓரம் மடிப்பது, பட்டி கட்டுவது என ஒவ்வொன்றும் தனித் தகட்டு நுட்பம். ஆனால் பொருத்தம் பார்க்காமல் வாங்காதீர்கள். 66 வகையின் முற்கால மெசின்கள் சிலவற்றில் பாதம் பின்புறமாகத் திருகப்படுவதால், பக்கவாட்டில் பொருந்தும் கருவிகள் அவற்றுக்கு உதவாது. 28 வகைக்குத் தோட்டா வடிவ நாடாவும் (கீழ்நூல் பொபினைத் தாங்கி ஓடும் உலோகக் கூடு) நீளமான பொபினும் வேண்டும். 15 வகைக்கோ வட்டமான தட்டைப் பொபின். நாடா இல்லாத 28 ஐ, அது தனியே கையில் கிடைக்கும்வரை வாங்காமல் விடுவதே நல்லது.