வாழைப்பழ பிரெட்டில் பாம்பே டோஸ்ட்: ஊறவைத்தால் போச்சு

போன வாரம் களியக்காவிளையிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். "மைனி, டோஸ்ட் கல்லோட ஒட்டிக் கூழாப் போச்சு." முட்டையில் எவ்வளவு நேரம் போட்டாய் என்று கேட்டேன். "அஞ்சு நிமிசம்." பத்து வருஷத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்து. முட்டை ஓடு விழுவது, உப்பை மறப்பது எல்லாம் தானாகத் திருந்திவிடும். இது திருந்தாது.

பால் பிரெட் என்று நினைத்து ஊறவைப்பது

பாம்பே டோஸ்டுக்கு நம் கை பழகியது பால் பிரெட்டில். அது ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு; குளுட்டன் வலை மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும். முட்டைப்பாலில் கொஞ்சம் கூடுதலாகக் கிடந்தாலும் தாங்கும். வாழைப்பழ பிரெட் பேரில்தான் பிரெட், ஆள் கேக். சோடா உப்பில் எழும்பியது, பிசையாத மாவு. போதாததற்கு மூன்று பழத்தின் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

ஒரு கிறிஸ்துமஸ் காலையில், அப்போதுதான் சுட்டெடுத்த பிரெட்டைச் சூட்டோடு வெட்டி, தட்டில் முட்டைப்பால் ஊற்றி ஊறப் போட்டேன். முதல் துண்டைத் திருப்பினால் மேல்பாதி கரண்டியோடு வந்தது, கீழ்ப்பாதி கல்லிலேயே இருந்தது. எட்டு முட்டை, அரை லிட்டர் பால், வீட்டு நெய், எல்லாம் போயிற்று. மாமி எட்டிப் பார்த்து, "இது என்ன மக்களே, ஏத்தம்பழ உப்புமாவா?" என்றார். அந்தக் கேள்வி இன்றும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறது.

பிரெட்டை முந்தின நாளே சுட்டு ஆறவையுங்கள். ஓர் அங்குலக் கனத்தில் வெட்டி, வெறும் கல்லில் சிம்மில் இரண்டு பக்கமும் லேசாக உலர்த்துங்கள். ஓவன் இருந்தால் 150 டிகிரியில் பத்து நிமிடம். நாலு துண்டுக்கு இரண்டு முட்டை, கால் கப் பால். அதில் துண்டைப் போட்டு, பத்து எண்ணுவதற்குள் திருப்பி, இன்னொரு பத்தில் எடுத்துவிட வேண்டும். விரலால் தூக்காதீர்கள், அகலமான தோசைக்கரண்டியால் ஏந்துங்கள். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவிடச் சொல்கிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது வேறு பிரெட்டுக்குச் சொன்னது!

முட்டைக் கலவையில் சர்க்கரை

வேண்டாம்.

பாதி பழுத்த பழம்

தோல் கருத்த ஏத்தன், அதாவது நேந்திரம்பழம்தான் சரி. பாதி பழுத்தது மசியாமல் கட்டி கட்டியாக நிற்கும், துண்டு அந்த இடத்தில்தான் உடையும். நம் கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்காக அதைக் கொண்டுபோய் மாவில் பிசைய வேண்டாம். அதைச் சும்மா உரித்துத் தின்னுங்கள்.

பெரிய தீ

பழத்துச் சர்க்கரை சீக்கிரம் கருகும்; உள்ளே முட்டை பச்சையாகவே நிற்கும். வெறும் வெண்ணெய் போட்டால் அதுவும் சேர்ந்து கருகும், நெய் நல்லது. சிம்மில் பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஒரே ஒரு தடவை திருப்பினால் போதும்.

நாத்தனார் நேற்று மறுபடி செய்து படம் அனுப்பியிருக்கிறாள். துண்டு முழுசாகத்தான் இருக்கிறது. ஓரம் மட்டும் கரி. சிம்மில் வைக்கவில்லை.