நரம்பைப் பார்த்தோம், கண்ணை விட்டோம்: கபால நரம்புப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வார்டில் ஒரு பயிற்சி மருத்துவர், முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்த முகவாத நோயாளியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். முகத் தசைகளை இயக்கும் வலது ஏழாவது நரம்பு, மூளைக்கு வெளியே உள்ள பாதிப்பு என்று தயங்காமல் சொன்னார். எல்லாம் சரி. "இவர் ராத்திரி எப்படித் தூங்குவார்?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. 20 வருடங்களுக்கு முன்னால் எனக்கும் புரிந்திருக்காது.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் பன்னிரண்டு கபால நரம்புகளின் வரிசை, நாக்கு எந்தப் பக்கம் விலகும், உள்நாக்கு எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றில் தடுமாறுபவர்கள் இரண்டு வாரத்தில் தாமாகவே திருந்திவிடுவார்கள்.

ஸ்பிரிட்டை முகரக் கொடுக்காதீர்கள்

மணம் அறியும் முதல் நரம்பைச் சோதிக்கும்போது, அதன் நெடி முகத்தின் தொடு உணர்ச்சிக்கான ஐந்தாவது நரம்புக்கும் உறைக்கும். காபித்தூள் கொடுங்கள்.

முகவாதத்தில் கண்ணை மறப்பது

கண்ணைத் திறப்பது மூன்றாவது நரம்பு, மூடுவது ஏழாவது. ஏழாவது படுத்துவிட்டால் கண் திறந்தே நிற்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியின் மேல் கண்ணீர் ஒரு பூச்சாகப் படிகிறது. அது நின்றுபோனால் கருவிழி காயத் தொடங்கும். இது எல்லோருக்கும் தெரியும், பரீட்சையில் எழுதவும் செய்வார்கள். ஆனால் மருந்துச் சீட்டில் மட்டும் வராது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. மன்னார்குடிப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். முதல் நாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியிருக்கிறது. நெற்றியும் சேர்ந்தே அசையாமல் இருந்தது (மூளையில் வரும் பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் தப்பிவிடும்), கை கால் நன்றாக இருந்தது, அதனால் பக்கவாதமில்லை. காதில் அக்கிக் கொப்புளம் இல்லை. உணர்ச்சியற்ற தேமல் எங்கும் இல்லை. பெல் முகவாதம், அதாவது குறிப்பான காரணம் தெரியாமல் வரும் முகவாதம் என்று எழுதினேன். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினேன். சர்க்கரையும் பார்த்தேன். "பயப்படாதீங்க, பத்துல ஏழு பேருக்கு மருந்தே இல்லாமகூட முழுசா சரியாயிடும்" என்று தைரியம் சொன்னேன்.

எழுந்து போகும்போது அவர் சொன்னார்: "கண்ணுல தண்ணியா ஊத்துது சார்."

தண்ணீர் ஊற்றுகிறதென்றால் கண் காயவில்லை என்று எடுத்துக்கொண்டேன். "நரம்பு சரியானா அதுவும் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டேன்.

இதுதான் அந்தத் தவறு. கீழிமை தளர்ந்து விலகிவிடுவதால் கண்ணீர் மூக்குப் பக்கத்துத் துளைக்குள் போக முடிவதில்லை. இமைக்கும்போது அதை உள்ளே தள்ளுவதும் இதே தசைதான், அதுவும் வேலை செய்வதில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. மேலே கருவிழியின் நடுப்பகுதி காய்ந்துகொண்டிருக்கிறது. வழிகிற கண் நனைந்த கண் இல்லை.

அவர் மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். அறுவடைக் காலத்துக் கூலியை யாரால் விட முடியும்? நெல் தூற்றும் இயந்திரம் ஓடுகிற இடம், சுனையும் உமித்தூசியும் பறக்கும். மூடாத கண்ணோடு 9 நாள் அங்கே நின்றிருக்கிறார். கண் சிவந்ததும் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. திரும்பி வந்தபோது கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு புண். கண் மருத்துவர் சுரண்டிப் பார்த்தார், பூஞ்சை. நெல்லும் சோளத்தட்டையும் கீறிய கண்ணில் ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் பிடிப்பது நம் பக்கத்தில் சாதாரணம். ஸ்டீராய்டு சொட்டு அதற்கு உரம் போட்டதுபோல.

மூன்று மாதத்தில் முகம் நேராகிவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. முகம் சரியானதற்கு நன்றி சொல்ல ஒரு சீப்பு பூவம்பழத்தோடு வந்தார். அதை வாங்கிக்கொண்டு நான் நின்றது இன்றைக்கும் மறக்கவில்லை. இப்போதும் வெறும் மாத்திரையும் "பலூன் ஊதுங்க" என்ற அறிவுரையுமாக ஒரு முகவாதச் சீட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பலூன் ஊதினால் கண் மூடாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தூங்குவதுபோல மெதுவாகக் கண்ணை மூடச் சொல்லுங்கள், இறுக்கிமூடச் சொல்லாதீர்கள். இடைவெளியில் வெள்ளை மட்டும் தெரிகிறதா, கருவிழி தெரிகிறதா என்று பாருங்கள். மூடும்போது விழி மேலே உருண்டால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. உருளாமல் கருவிழி தெரிந்தபடியே நின்றால் அவசரம். அப்புறம் பஞ்சு நுனியால் கருவிழியைத் தொடுங்கள். ஏழாவது மட்டும் போயிருந்தால் அந்தக் கண் இமைக்காது, மற்ற கண் இமைக்கும். இரண்டுமே இமைக்காவிட்டால் ஐந்தாவது நரம்பும் போயிருக்கிறது. அவருக்குப் புண் வந்தால்கூட வலிக்காது, வலி சொல்லிக்கொண்டு வரமாட்டார். தொழுநோயில் இந்த இரண்டு நரம்புகளும் சேர்ந்தே கெடுவதுண்டு, அதனால்தான் தேமலைத் தேடச் சொல்கிறேன்.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, மணிக்கு ஒரு முறையாவது. இரவில் களிம்பு போட்டு, இமையைக் கையால் மூடி, மெல்லிய ஒட்டுநாடாவை இமையின் மேல் ஒட்ட வேண்டும். திறந்த கண்ணின் மேல் பஞ்சு வைத்துக் கட்டிவிடாதீர்கள், அந்தப் பஞ்சே கருவிழியை உரசிப் புண்ணாக்கும். வெளியே போனால் கண்ணாடி. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள். சிவந்தாலோ, மங்கினாலோ, வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம். நான் இப்போது வீட்டு ஆளைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே ஒரு முறை நாடா ஒட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

சர்க்கரை இருக்கிறது என்பதால் எல்லாம் சர்க்கரை ஆகாது

ஒரு கண் இமை தொங்கி, விழி வெளிப்பக்கம் ஒதுங்கி நின்றால் மூன்றாவது நரம்பு. சர்க்கரை நோயாளி என்றதும் காரணத்தை எழுதி மூடிவிடுகிறார்கள். முதலில் கண்பாவையை, அதாவது விழியின் நடுவே சுருங்கி விரியும் கருந்துளையைப் பாருங்கள். அதைச் சுருக்கும் இழைகள் நரம்பின் வெளி விளிம்பில் ஓடுகின்றன. சர்க்கரை நரம்பின் உட்பகுதியைக் கெடுக்கும், கண்பாவை பெரும்பாலும் தப்பிவிடும். பக்கத்து ரத்தக்குழாயில் வீக்கம் இருந்து நரம்பை அழுத்தினால் வெளி இழைகள்தான் முதலில் மாட்டும். கண்பாவை விரிந்திருந்து, தலைவலியும் இருந்தால் அன்றைக்கே ரத்தக்குழாய் ஸ்கேன். அந்த வீக்கம் வெடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆறாவது நரம்பு

விழியை வெளிப்பக்கம் திருப்புவது இது. மண்டைக்குள் எங்கே அழுத்தம் கூடினாலும் இது படுக்கலாம். கண்ணின் உட்புறத்தை ஆப்தல்மாஸ்கோப்பில் பார்க்காமல், கோளாறு இந்த இடத்தில்தான் என்று குறிக்காதீர்கள்.

காலையில் இரண்டு இமையும் தொங்கினால்

வயல்காட்டு ஊரில் இது நரம்புக் கோளாறு இல்லை, கட்டுவிரியன் என்று முதலில் நினையுங்கள். தரையில் படுத்தவரை ராத்திரியில் கடிக்கும். பல் தடம் தெரியாது, வீக்கம் இருக்காது. காலையில் வயிற்றுவலி என்பார், கண்ணைத் திறக்க முடியவில்லை என்பார். நஞ்சு நரம்பு தசையைத் தொடும் முனையைத் தாக்குகிறது. இமை, விழி, தொண்டை, கடைசியில் மூச்சுத் தசை என்று மேலிருந்து கீழே இறங்கும். பக்கவாதம் என்று சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பி, அங்கே படுக்கையில் மூச்சு நின்றுபோக விடாதீர்கள். கண்பாவை விரிந்து அசையாமல் நின்றாலும் மூளை செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். நஞ்சே அப்படிச் செய்யும், செயற்கைச் சுவாசத்தில் வைத்தால் மீண்டு வருவார்கள்.

எங்கே படுத்திருந்தார் என்று கேளுங்கள். நஞ்சுமுறி மருந்தைத் தொடங்கிவிட்டு, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று திரும்பத் திரும்பப் பாருங்கள். எண்ணிக்கை குறையத் தொடங்கினால் வென்டிலேட்டர் இருக்கும் இடத்துக்கு, கூடவே கையால் அழுத்திச் சுவாசம் கொடுக்கும் ஆம்பு பையோடு ஒரு ஆளை ஏற்றி அனுப்புங்கள்.