குறைமாதக் குழந்தைக்கு பி.பி. குறையும்போது நாம் செய்யும் தவறுகள்

25 வாரத்தில் பிறந்த குழந்தை. எடை 700 கிராம். பிறந்து ஆறு மணி நேரம்தான் ஆகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கிறது. மானிட்டரில் சராசரி ரத்த அழுத்தம் 23. பணியில் இருக்கும் டாக்டரின் கை சலைனுக்குப் போகிறது. ஒரு மணி நேரம் கழித்து, பி.பி.யை ஏற்றும் டோபமைன் மருந்து. விடிவதற்குள் எண் 30-ஐத் தொட்டுவிடும், வார்டே நிம்மதி அடையும். அந்தக் குழந்தைக்கு மருந்து தேவைப்பட்டதா என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

28 வாரம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம் டாக்டர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, எண்ணை மட்டும் பார்த்து மருந்து தொடங்குவது. 'எத்தனை வாரமோ, சராசரி பி.பி. அத்தனை மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்' என்ற விதியை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். 1992-இல் பிரிட்டனில் நிபுணர் குழு ஒன்று தந்த பரிந்துரையிலிருந்து பரவிய விதி அது. அந்த அளவுக்குக் கீழே போனால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. அதைச் சோதிக்கத்தான் 'ஹிப்' என்ற ஆய்வு தொடங்கப்பட்டது: பாதிக் குழந்தைகளுக்கு டோபமைன், பாதிப் பேருக்கு மருந்தில்லாத திரவம். 800-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்டு, 58 பேரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஆக, கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒன்று, பிறந்த முதல் நாளில் இந்தக் குழந்தைகளின் பி.பி. பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்பது.

அதனால் எண் குறைந்தால் குழந்தையின் பக்கத்தில் போய் நில்லுங்கள். தோல் என்ன நிறத்தில் இருக்கிறது? நெஞ்சில் அழுத்தி எடுத்தால் ரத்தம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது? கை கால் அசைகிறதா? ரத்தத்தில் லாக்டேட் (உறுப்புகளுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது சேரும் பொருள்) ஏறுகிறதா, இறங்குகிறதா? முதல் நாளில் சிறுநீர் குறைவாகத்தான் இருக்கும், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பலவீனமான அடையாளங்கள்தான். சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கதை சொல்லும்.

அதற்கும் முன்னால், அந்த எண் நிஜமா என்று பாருங்கள். ஒருமுறை ராத்திரிப் பணியில் 21 என்று காட்டிய குழந்தைக்கு மருந்து எழுதி முடித்துவிட்டோம். அப்புறம்தான் ஒரு மூத்த செவிலியர் கவனித்தார்: எக்ஸ்ரே எடுப்பதற்காகப் படுக்கையை இறக்கியிருக்கிறார்கள், தமனிக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் பழைய உயரத்திலேயே நிற்கிறது. இதயத்தின் மட்டத்தைவிட 10 சென்டிமீட்டர் மேலே இருந்தால், எண் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் குறைத்துக் காட்டும். சரியான மட்டத்துக்கு இறக்கியதும் 28. எழுதிய மருந்தை அடித்து நீக்கினோம். இந்தக் குழந்தைகளில் 'குறைவு', 'சரி' இரண்டுக்கும் இடையே இருப்பதே அந்த ஏழு மில்லிமீட்டர்தான்.

பி.பி. அளக்கும் அந்தத் தமனிக் குழாயில் சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலும் அலைவடிவம் சப்பையாகிவிடும், மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் நம்ப முடியாது. கையில் பட்டை கட்டி அளந்தால், அதன் அகலம் கையின் சுற்றளவில் பாதியளவு இருக்க வேண்டும். சின்னப் பட்டை கட்டினால் எண் கூடித் தெரியும். பி.பி. நிஜமாகவே மிகவும் குறைந்திருக்கும்போது பட்டை அளவு பொய்யான தைரியம் கொடுக்கும், அது இன்னும் ஆபத்து.

அடுத்தது சலைன். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு ரத்தமோ நீரோ குறைந்திருக்காது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தது, தொப்புள்கொடியில் ரத்தம் போனது என்று வரலாறு இருந்தால் வேறு விஷயம். அங்கே தயங்காமல் கொடுக்க வேண்டும், ரத்தமே தேவைப்படலாம். மற்றவர்களுக்கு வேகமாகத் தள்ளும் சலைன் மூளைக்கு ஆபத்து. மூளையின் உட்புறத்தில் இருக்கும் ரத்தக்குழாய்கள் இந்த வயதில் அவ்வளவு மெல்லியவை. அழுத்தம் ஏறி இறங்குவதைத் தாங்கிச் சமன் செய்யும் திறனும் வளர்ந்திருக்காது. 700 கிராம் குழந்தையின் மொத்த ரத்தமே ஏறக்குறைய 60 மில்லிலிட்டர்தான். ரத்தம் இழக்காத குழந்தைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கிலோவுக்கு 10 மில்லி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எடுத்து. இரண்டாவது முறை கொடுக்கும் முன் மூத்தவரை எழுப்பிக் கேளுங்கள்.

'ஏன் குறைந்தது?' என்று கேட்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. கீழ் எண் மட்டும் தாழ்ந்திருந்தால் டக்டஸ் (பிறந்த பிறகு மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய்) திறந்திருக்கலாம், கிருமித்தொற்று இருக்கலாம். மேல் எண் தாழ்ந்திருந்தால் இதயம் பலமாகத் தள்ளவில்லை என்று பொருள் கொள்ளலாம். நுரையீரலை விரிய வைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தைக் கொடுத்ததும் நுரையீரல் இளகிவிடும்; வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைக்க மறந்தால் நெஞ்சு உப்பி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடும். அழுத்தத்தை இறக்கினாலே பி.பி. ஏறும் குழந்தைகள் உண்டு. நெஞ்சில் காற்று கசிந்திருக்கிறதா, மார்ஃபின் கூடிவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டோபமைன் எண்ணை ஏற்றும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளவு கூடக் கூட ரத்தக்குழாய்களை இறுக்கித்தான் ஏற்றும். முதிராத இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ள முடியாமல் திணறினால், மானிட்டரில் 32 இருக்கும், உறுப்புகளுக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும். இதயம் சோர்ந்திருந்தால், அதற்கு வலு கொடுக்கும் டோபுட்டமைன் பொருத்தம். எக்கோ (இதய ஸ்கேன்) வசதி இருந்தால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்த்துவிடுவது நல்லது. எதற்கும் மசியாத பி.பி.க்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கைகொடுக்கும். ஆனால் முதல் சில நாட்களில் டக்டஸை மூடக் கொடுக்கும் இண்டோமெத்தசினோடு சேர்த்துக் கொடுத்தால் குடலில் ஓட்டை விழும் ஆபத்து கூடும்.

செவிலியர்களுக்குத் தெரிந்த, டாக்டர்கள் மறக்கும் ஒன்று: டோபமைன் மணிக்கு அரை மில்லிக்கும் குறைவாகப் போகும். அதே குழாயில் ஆன்டிபயாடிக்கைப் போட்டு சலைனால் கழுவினால், குழாய்க்குள் நின்றிருந்த மருந்து மொத்தமும் ஒரே நொடியில் உள்ளே போகும்; பி.பி. எகிறும், அப்புறம் குழாயில் மருந்தே இல்லாமல் சரியும். சிரிஞ்சு மாற்றும் இடைவெளியிலும் இதே சரிவுதான். டோபமைனுக்குத் தனிக் குழாய் வையுங்கள், அடுத்த சிரிஞ்சைத் தயாராக ஓட விட்டு மாற்றுங்கள். தொப்புள் தமனியில் இந்த மருந்தை விடவே கூடாது. கை நரம்பில் போனால், தோல் வெளுக்கிறதா என்று மணிக்கு மணி பாருங்கள்.

பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்வதை வைத்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிஜமான அதிர்ச்சி நிலையை (ஷாக்) தவற விட்டுவிடாதீர்கள். குழந்தை சாம்பல் நிறமாகி, துவண்டு, லாக்டேட் ஏறிக்கொண்டே போனால் பி.பி. 30 இருந்தாலும் உடனே சிகிச்சையில் இறங்க வேண்டும்; கிருமித்தொற்று என்று சந்தேகம் வந்தால் ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

மருந்து தொடங்கினால் கேஸ் ஷீட்டில் மூன்று வரி எழுதிவிடுங்கள்: எதற்காகத் தொடங்கினோம், எதை எதிர்பார்க்கிறோம், எப்போது குறைக்கத் தொடங்குவோம். அந்த மூன்றாவது வரி இல்லாததால்தான், தேவை தீர்ந்த பிறகும் பம்ப் இரண்டு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.