மேடைப் பேச்சாளரின் அறிமுக வீடியோவில் கூட்டமும் இருக்க வேண்டும்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளிலும் திருவிழா மேடைகளிலும் பேசுவது என் தொழில். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தங்கள் அறிமுக வீடியோவை அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். நல்ல குரல், நல்ல தமிழ். ஆனால் பெரும்பாலானவற்றில் பேசுகிறவர் மட்டும்தான் இருக்கிறார், கேட்கிறவர் ஒருவரும் இல்லை. மன்னார்குடிப் பக்கத்து விழாக் குழுச் செயலாளர் உங்களை அழைத்தால், வசூல் பணத்துக்கு ஊர் முன்னால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இவர் பேசினால் கூட்டம் எழுந்து போகாமல் உட்காருமா என்பதுதான் அவருடைய கவலை. அதைத் தீர்த்து வைக்கிற வீடியோவே உங்களுக்கு வேண்டும்.

ஆகவே இரண்டு கைப்பேசிகளை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒன்று உங்களைப் பார்க்கட்டும், மற்றொன்று மேடையின் ஓரத்திலிருந்து கூட்டத்தைப் பார்க்கட்டும். முன்வரிசை நாற்காலிகளில் பிரமுகர்கள் விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் பெண்களையும் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பெரியவர்களையும் நோக்கித் திருப்புங்கள். சிரிப்பும் கண்கலங்குவதும் அங்கேதான் நடக்கும். பள்ளியென்றால் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பிள்ளைகளின் முகம் வேண்டாம் என்று அவர் சொன்னால் பின்னாலிருந்து எடுக்கலாம். உயரும் கைகளும் சிரிப்பில் குலுங்கும் தோள்களுமே போதும்.

படத்தைவிட ஒலிக்குத்தான் நான் அதிகம் மெனக்கெடுவேன். தெருக்கோடியில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி நூறு மீட்டர் தள்ளி இருந்தால், அதிலிருந்து வரும் உங்கள் குரல் மேடைக்குத் திரும்பக் கால் நொடிக்கு மேல் ஆகும். கைப்பேசி இரண்டு குரலையும் சேர்த்தே பிடிக்கும். ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். இதைத் தவிர்க்க, சவுண்ட் சர்வீஸ்காரரிடம், மைக்கின் ஒலி போய்ச் சேரும் மிக்சர் கருவியிலிருந்து ஒரு ஒயர் கேட்டு வாங்கி, சிறிய ரெக்கார்டரில் தனியாகப் பதிவு செய்யுங்கள். சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன்பே போய், அவரோடு ஒரு டீ குடித்துப் பேசிவிட்டால் மறுக்க மாட்டார். ஆனால் மிக்சரில் உங்கள் குரல் மட்டும்தான் கிடைக்கும். கூட்டத்தின் சிரிப்பு அதில் விழாது. அதனால் கூட்டத்தை நோக்கிய கைப்பேசியின் ஒலியை அடியில் மெல்லச் சேர்க்கும்படி வீடியோவைத் தொகுப்பவரிடம் சொல்லுங்கள். சட்டையிலோ சேலையிலோ குத்தும் சின்ன மைக்கை நம்புவதானால் உடையைக் கவனியுங்கள். திருபுவனம் பட்டு கண்ணுக்கு அழகுதான், ஆனால் மைக் பக்கத்தில் அது உரசும் சத்தம் பேச்சைத் தின்றுவிடும். பருத்திச் சேலை உத்தமம். பொடிக்கட்டம் போட்ட துணி வேண்டாம், திரையில் அலை அலையாக நெளியும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் சில ட்யூப்லைட்டுகளுக்குக் கீழே எடுத்த படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். கைப்பேசி கேமராவில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்துக்கொண்டால் அடங்கும். முதுகுக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் முகம் கறுத்துப்போகும். கைப்பேசித் திரையில் உங்கள் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிடும்படி படம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் எடுக்க நினைக்க வேண்டாம். தை முதல் சித்திரை வரை ஆண்டு விழாவும் திருவிழாவும் அடுத்தடுத்து வரும், அப்போது எடுங்கள்.

வெட்டும்போது மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். பொன்னாடை, குத்துவிளக்கு, நீண்ட வரவேற்பு, ட்ரோன் காட்சி எல்லாம் வெளியே. மொத்தம் இரண்டு, மூன்று நிமிடம். பள்ளிகளில் நான் சொல்லும் ஒரு பகுதியை உதாரணத்துக்குச் சொல்கிறேன். "ஜூன் 12 மேட்டூரில் திறந்தால், நம்ம ஊர் வாய்க்காலுக்குத் தண்ணி என்னைக்கு வரும்?" என்று கேட்பேன். ஆளுக்கொரு நாளைச் சொல்லிப் பிள்ளைகள் கத்துவார்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊர்ப் பையன் ஒருவன் எழுந்து, "எங்களுக்கு வரவே வராது" என்பான். அரங்கம் அமைதியாகும். பொறுமையைப் பற்றி நான் பேசத் தொடங்குவது அந்த அமைதியில்தான். வீடியோவும் அந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும். அந்தப் பகுதி முடியும்வரை குறுக்கே வெட்டக் கூடாது. ஒவ்வொரு பேச்சிலிருந்தும் ஒரு வரி எடுத்துக் கோத்தால் வேகம் கிடைக்கும், நீங்கள் பேசத் தெரிந்தவர் என்பது மட்டும் தெரியாது. பின்னணி இசையும் தேவையில்லை.

பட்டிமன்றக் காட்சியைச் சேர்ப்பதானால் நடுவரிடமும் சக பேச்சாளர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எதிரணிக்காரர் திணறும் இடத்தை மட்டும் எடுத்துப் போடுவது எனக்குப் பிடிக்காது. நாளைக்கும் அவரோடு ஒரே வேனில் போக வேண்டியவர்கள் நாம்.

திருவிழாவுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று இரண்டாகச் செய்வது நல்லது. பலர் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்ப்பார்கள், ஆகவே பேசுவதைக் கீழே தமிழில் எழுத்தாக ஓட விடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். உங்கள் பெயர், ஊர், பேசும் தலைப்புகள், தொலைபேசி எண் நான்கும் வீடியோவின் கடைசியிலேயே பெரிய எழுத்தில் சில நொடி நிற்கட்டும். செயலாளர் குழுவில் மற்றவர்களுக்கு அனுப்பும்போது வீடியோவை மட்டும்தான் அனுப்புவார். கூடவே நீங்கள் எழுதிய விவரம் போகாது.